ஒரே ஈட்டில் எட்டு நீலம்

காலைச் சித்தெ அக்கட்ட வெச்சுக்குங்க தம்பி, அந்தப் பெட்டிய ஒதைச்சராதீங்க. உள்ள கோழி இருக்குது. ஆமாங்க, உசுரோடதான். பேண்டம் கோழி. குட்டைக்கோழிம்பாங்க, பாத்திருப்பீங்க, புறாவை விடக் கொஞ்சம் பெருசா இருக்கும். ஓட்டை போடலயான்னா கேக்கறீங்க? எதுக்குங்க ஓட்டை? ஓட்டை போட்டா மூக்கை நீட்டும், நீட்டுனா கத்தும், கத்துனா பஸ்சே திரும்பிப் பாக்கும். பல்லடம் போயிச் சேர ஒண்ணரை மணி நேரம். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிராது. ஆனா ஆவுட்டும்.

ஏன் இப்படிச் சொல்றேன்னு பாக்கறீங்க. நீங்க படிச்சவராட்டத் தெரியுது, நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்க. நெய்யி கேட்டு வந்தவனுக்கு மோரை ஊத்திக் குடுத்தா அவனுக்கு எப்படி இருக்கும்? என்ற தங்கச்சி அதைத்தான் பண்ணியிருக்கறா. உள்ள நாலு கோழி. நாலுல ஒண்ணுகூட நீலமில்லை.

நீலம்னா வானத்து நீலமில்லீங்க. மழை எறங்கறதுக்கு முந்தி மேகம் ஒரு நெறத்துல நிக்கும் பாருங்க, அந்த நெறம். கழுத்துல சித்தெ கருக்கல், ஒவ்வொரு எறகுக்கும் ஓரத்துல பென்சில்ல கோடு போட்டாப்பல இருக்கும். பேண்டத்துல அது வந்துச்சுன்னா ராசா ஊட்டுக் கோழிதான். நான் நாப்பது வருசம் தறி ஓட்டுனவன். நாச்சிமுத்துன்னா எங்க பக்கத்துல தெரியும். துண்டுல ஒரு இழை நெறம் மாறியிருந்தாலும் துண்டு பூராவும் கழிவுன்னு வீசியெறிஞ்சவன். தறிய வித்துப்போட்டுக் கோழிக்கு வந்தேன். ஆனா கண்ணு அதே கண்ணுதானுங்களே.

வருசா வருசம் மார்கழில பொள்ளாச்சிப் பக்கம் கோழிக் கண்காட்சி ஒண்ணு போடறாங்க. அதுல ஒரு பந்தயம். ஒரே ஈட்டுல பொரிச்ச எட்டுக் குஞ்சு, எட்டும் ஒரே நெறம். ஈடுன்னா, ஒரு கோழி ஒரு தடவை அடை உக்காந்து பொரிக்கறதுங்க. எட்டுக் குஞ்சையும் வரிசையா நிறுத்துனா ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியக் கூடாது. அந்தக் கப்பு எனக்கு வேணும். ஏழு வருசமா வேணும். நடுவுல ஒருக்கா மூணு ஈட்டுக் குஞ்சைப் பொறுக்கி ஒண்ணாக் கட்டிக் கொண்டு போனேன், வளர்த்திய வெச்சுக் கண்டுபிடிச்சுட்டானுக. அதை உடுங்க.

நீலச் சேவல் ஒண்ணு, நீலப் பெட்டை நாலு, பாத்துப் பாத்து வாங்குனேன். அப்பனும் நீலம், ஆத்தாளும் நீலம். பின்ன பிள்ளை எப்படி இருக்கோணும்? பதினொரு முட்டை அடை வெச்சோம். ஆறு நீலம், மூணு கருப்பு, ரெண்டு புள்ளி. புள்ளின்னா வெள்ளைல சாம்பலை அள்ளித் தெளிச்சாப்பல இருக்கும், பாக்கவே அசிங்கம். செரி, மொத ஈடு, போச்சாதுன்னு உட்டேன். அடுத்த ஈடு அஞ்சு நீலம், மூணு கருப்பு, மூணு புள்ளி. அடுத்தது ஆறு, ரெண்டு, மூணு. நல்ல நீலமாப் பொறுக்கியெடுத்து அதையும் அதையும் சேத்தேன். மறுபடியும் அஞ்சு, மூணு, மூணு. எல்லா ஈட்டுலயும் ஒரே கூத்து. கண்டிப்பா எவனோ ஒரு நாட்டுச் சேவல் உள்ள பூந்து போகுதுன்னு அப்பத்தான் எனக்குப் பட்டுச்சு.

கோழிய யாரு பாக்கறது? மயிலா. மயிலாத்தா, என்ற தங்கச்சி. புருசன் தென்னை மரத்துல இருந்து உளுந்து செத்துப் போனான். தகரப்பொட்டியோட வந்து நின்னா, உள்ள வான்னுட்டேன். பதினாலு வருசம் என்ற ஊட்டுச் சோறு. நான் வஞ்சன பண்ணுனதே இல்லைங்க. கோழிக்குத் தண்ணி வெக்கறது, தீவனம் போடறது, கூடு கூட்டறது, அடை வெக்கறது எல்லாம் அவதான்.

கழிவைக் கழிக்கறதும் அவ சோலிதான். கருப்பும் புள்ளியும் பொரிச்ச அன்னைக்கே தெரிஞ்சு போகும். வாளித் தண்ணில போட்டு மேல மொறத்தை மூடிரு, நீ வாசக் கூட்டி முடிக்கறதுக்குள்ள ஆயிரும்னு சொல்லிக் குடுத்தேன். அதுக்கு அளுவா! மொறத்து மேல கைய வெச்சுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்குவா. "ண்ணா, இது என்ன பாவம் பண்ணுச்சு?"ம்பா. அட கெரகமே, ஞாயித்துக்கெழமை கோழிக் கொழம்பு வெச்சா ரெண்டாவது தடவை ஊத்திக்கறவதான்.

"மானாங்காணியாக் கூட்டைத் தொறந்து போட்டு, ஊர்ச் சேவலை உள்ள உட்டுட்டயா?"ன்னு கேட்டேன். "சத்தியமா இல்லீண்ணா"ன்னா. கூட்டுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். தொறப்புக்குச்சி என்ற இடுப்புல. நான் தொறந்து உட்டாத்தான் அவளே உள்ள போகோணும். அந்த ஈட்டுலயும் மூணு கருப்பு. இப்பச் சொல்லுங்க, பூட்டுன கூட்டுக்குள்ள எந்தச் சேவல் போகும்? அப்பறந்தான் வெளங்குச்சு. சேவல் இல்லீங்க. கை. அடை வெக்கறது தாலியறுத்த கை. அந்தக் கையில முட்டையத் தொட்டு வெச்சா நெறம் எப்படி நிக்கும்? எங்காத்தா இருந்திருந்தா மொத நாளே சொல்லியிருக்கும். எனக்குத்தான் கூடப் பொறந்த பாசம் கண்ணை மறைச்சிருச்சு.

முட்டையத் தொடாதேன்னுட்டேன். என்ற சம்சாரம் ரங்கநாயகிய அடை வெக்கச் சொன்னேன். நல்ல நாள் பாத்து, மஞ்சத் தண்ணி தெளிச்சு, கூடைக்கடில ஆணியும் கரியும் போட்டு வெச்சா. என்ன வந்துச்சுங்கறீங்க? அஞ்சு, மூணு, மூணு. ஏன்? மயிலா அடைக்கூடைய எட்டி எட்டிப் பாத்துட்டே இருந்தா. கண்ணு பட்டாப் போதாதுங்களா? அடைக்கூடை இருக்கற ரூம்புப் பக்கம் வரக் கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். பாவம், அவ படுக்கறதே அந்த ரூம்புலதான். தாவாரத்துல படுத்துக்கிட்டா. ஐப்பசி மழை சித்தெ சாரல் அடிக்கும், அவ்வளவுதான்.

சின்ன வெங்காயத்தைச் சேத்து வெக்கத் தட்டி கட்டிப் போட்ட பட்டறை ஒண்ணு, காட்டுல சும்மா கெடந்துச்சு. ஒரு நாளு அந்தப் பக்கம் போறேன், கோழி கொக்கரிக்குது. தட்டிய நீக்கிப் பாத்தா, உள்ள கருப்புச் சேவல் ஒண்ணு, புள்ளிப் பெட்டை மூணு. நல்லா வளந்து கொழுகொழுன்னு நிக்குது. மண்சட்டில தண்ணி, பக்கத்துல பழைய சோறு. அத்தனையும் என்ற கழிவு! வாளில போடச் சொன்னதைப் பொடவைல சுத்திக் கொண்டு போயி வளத்தியிருக்கறா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கையுங் களவுமா அம்புட்டுச்சு. ஏழு வருசமா என்ற நீலத்தைக் கெடுத்தது இந்தக் கருப்புச் சேவல்தான்னு கத்துனேன். ரங்கநாயகி குறுக்க வந்து, "ஏனுங், இந்தச் சேவலுக்கு ஒரு வயசு கூட ஆகலையே"ங்கறா. பொம்பளைகளுக்குக் கணக்கு வருமுங்களா? வாயை மூடுன்னேன்.

நான் தாட்டியுடலீங்க. ஊர்ல அப்படித்தான் பேசறானுக. போன்னு சொன்னேன், போனா. செத்துப் போன புருசனோட பங்கு, உடுமலைக்கு அக்கட்டால ஒரு ஊர்ல ஒத்தை ரூம்பு, மேல சிமெண்டு அட்டை போட்டது, பங்காளிக ஆடு கட்டி வெச்சிருந்தானுக. போயி ஆட்டை அவுத்து உட்டுட்டு இருந்துக்கட்டும். உன்ற கழிவையும் தூக்கிட்டுப் போன்னேன். ஒரு கையில தகரப்பொட்டி, ஒரு கையில கோழிப் பஞ்சாரம். ரங்கநாயகி பஸ் நிக்கற எடம் வரைக்கும் தூக்கிக் குடுக்கறேன்னு செருப்பை மாட்டுனா. கழட்டுடின்னேன். அண்ணன் ஊட்டுச் சோத்துல தெம்பு இருக்குதில்ல, நடக்கட்டும்.

அவ போனதுக்கப்பறம் எங்க ஊட்டுல பொரிச்ச ஈடு? ஆறு, மூணு, ரெண்டு. பதினாலு வருசத்துக் கெரகம் ஒரே நாள்ல ஊட்டை உட்டுப் போகுமுங்களா? போகாது.

சத்தமா? கோழி றெக்கைய அடிக்குதுங்க. இஞ்சின் பக்கத்துல வெச்சதுக்குச் சூடு ஏறுதாட்ட இருக்குது. பொறுத்துக்கும். நீங்க கதையக் கேளுங்க.

போன மார்கழி கண்காட்சிக்குப் போறேன். இந்தத் தடவை எனக்கு ஒரு ஈட்டுல ஏழு நீலம். ஏழுதான். எட்டாவதுக்குச் சாமி கண்ணைத் தொறக்கலை. செரி, பாத்துட்டு வரலாம்னு போனா, பந்தய வரிசைல மயிலா உக்காந்திருக்கறா! அதே பழைய பச்சைப் பொடவை. முன்னால கூடைல எட்டுக் குஞ்சு. ரெண்டு மாசக் குஞ்சுங்க. எட்டும் நீலம். எட்டும் ஒரே நீலம், ஓரத்துல அந்தப் பென்சில் கோடு, கழுத்துல அந்தக் கருக்கல். நான் ஏழு வருசமாக் கண்ணை மூடுனா என்ன பாப்பனோ அதைக் கொண்டாந்து கூடைல வெச்சிருக்கறா. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "வாங்ணா"ன்னா. மூஞ்சில ஒரு சிரிப்பு. பொய் சொல்லக் கூடாது, எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. அப்படியே பத்திக்கிட்டு எரிஞ்சுச்சுங்க.

பந்தயம் பாக்க வந்தது ஒரு கால்நடை டாக்டரம்மா. சின்னப் பொண்ணு. நான் நேராப் போயிச் சொன்னேன், "அம்மிணி, அது சாயம். தறிக்காரன் கண்ணு, எனக்குத் தெரியும். கழுவிப் பாருங்க"ன்னு. "காலைல இந்தக் குளுருலயா, வேண்டாங்க, எறகு வேர் பாத்தாலே தெரியும்"னு அது சொல்லுச்சு. நான் உடுவனா? நாலு பேரைக் கூட்டிச் சத்தம் போட்டேன். பந்தயம் நடத்தறவனுக்குத் தலைவலி, கழுவித் தொலைங்கன்னுட்டான். சோப்புத் தண்ணி வாளி வந்துச்சு. ஒவ்வொண்ணா முக்கித் தேச்சாங்க. மயிலா கையக் கட்டிக்கிட்டு நின்னா. அவளுக்கு வாளியப் பாத்துப் பழக்கந்தானே.

நெறம் போகலை. தண்ணி வெள்ளையாத்தான் இருந்துச்சு. செரி, நம்ம கண்ணு ஒருக்காத் தப்பாப் போச்சு, மனுசனுக்கு வர்றதுதான். ஆனா மூணு குஞ்சு குளுந்து போச்சுங்க. முந்தானைல சுத்தி, வாயி வெச்சு ஊதி ஊதிப் பாத்தா. தலை தொங்கிருச்சு. எட்டு இருந்தாத்தானே பந்தயம்? அஞ்சுக்கு எப்படிக் கப்புக் குடுப்பாங்க? விதின்னா எல்லாருக்கும் விதிதானுங்களே. அந்த வருசம் கப்பு யாருக்கும் இல்லை. "ஏண்ணா?"ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டா. நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

அந்த டாக்டரம்மா பின்னாலயே வந்து, பந்தயக் கூடைல மாட்டற நம்பர் அட்டை ஒண்ணை எடுத்துக் கட்டம் போட்டு எனக்குப் பாடம் நடத்துது. "ஐயா, உங்க கோழில தப்பே இல்லைங்க. நீலத்தையும் நீலத்தையும் சேத்தா பாதிதான் நீலம் வரும், மிச்சம் பாதில கருப்பும் புள்ளியும் வரும். அது எந்தக் காலத்துக்கும் அப்படித்தான். கருப்பையும் புள்ளியையும் சேத்தீங்கன்னாத்தான் அத்தனையும் நீலம். அந்தம்மா அதைத்தான் பண்ணியிருக்காங்க"ன்னு சொல்லுச்சு. எப்படி இருக்குது கதை? கழிவையும் கழிவையும் சேத்தா ராசா பொறப்பானாம்! அது எத்தனை கோழி வளத்தியிருக்கும்? படிச்சா மட்டும் போதுங்களா? அட்டைய அங்கயே கிளிச்சுப் போட்டுட்டு வந்தேன்.

அதுக்கப்பறம் ஊட்டுல நானும் ரங்கநாயகியுந்தான். தையில ஒரு ஈடு, அஞ்சு, மூணு, மூணு. பங்குனில ஒரு ஈடு, அதே. அடை வெச்சது அவ, தண்ணி தெளிச்சது அவ. கேட்டேன். "கோழி பொரிக்கறதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"னு எதுத்துப் பேசறா. ஒரு அறைதானுங்க உட்டேன். கை சித்தெ பலமாப் பட்டிருச்சு, காதுல ரத்தம் வந்துச்சு. இப்ப அந்தக் காது செரியாக் கேக்க மாட்டேங்குது. இல்லாட்டிக் கேக்காத மாதிரி இருக்கறாளோ என்னமோ.

அவளேதான் மயிலாளுக்குப் போன் போட்டிருப்பா. முந்தாநேத்து மயிலா கூப்புடறா. "வாங்ணா, விதைக்குக் கோழி தர்றேன்"னு. பாத்தீங்களா, கடைசில இறங்கி வந்துதானே ஆகோணும்? அண்ணன் இல்லாம முடியுமா? எத்தனை நீலம் தருவான்னு நெனச்சுக்கிட்டே இன்னைக்குக் காலைல போனேன்.

அந்த அட்டைக் கூரைக்கடில ஒத்தைக் கட்டில். சுத்தமா வெச்சிருக்கறா. மோரு குடுத்தா. பின்னால கூட்டிட்டுப் போயிக் காட்டுனா, புள்ளிப் பெட்டை ஒண்ணு ஒம்பது குஞ்சைக் கூட்டிட்டு மேயுது. ஒம்பதும் நீலம். பக்கத்துல அந்தக் கருப்புச் சேவல் நெஞ்சை நிமித்திட்டு நிக்குது. நான் வர்றது தெரிஞ்சு, எங்கிருந்தோ நீலக் குஞ்சாப் பொறுக்கி அது கூட உட்டு வெச்சிருக்கறா. அதுகூடத் தெரியாதா எனக்கு?

கூடைல வேற நாலு எளங்கோழிய வெச்சு நீட்டுனா. சேவலுக்குக் கால்ல செவப்பு நூலு கட்டியிருக்குது. கருப்புச் சேவல் ஒண்ணு, புள்ளிப் பெட்டை மூணு.

"இதுதாண்ணா விதை. இதுகளை மட்டும் ஒண்ணா உடுங்க, பொறக்கறது அத்தனையும் நீலமா இருக்கும். நீலத்தையும் நீலத்தையும் சேக்காதீங்க, எத்தனை வருசமானாலும் கருப்பு வரத்தான் வரும். அதுல யாரு மேலயும் தப்பில்லீங்ணா"ன்னா. அப்பறம் என்ற மூஞ்சிய நேராப் பாத்துச் சொல்றா, "உங்களுக்காகக் குடுக்கலை. அண்ணிக்காகக் குடுக்கறேன். அண்ணி மேல கை நீட்டாதீங்க"ங்கறா. அண்ணிக்காகவாமா! எம்பொண்டாட்டிய நான் என்ன பண்ணோணும்னு இவகிட்டக் கேக்கோணுமாட்ட.

நல்ல நீலத்தை எல்லாம் அவ வெச்சுக்கிட்டு, கழிவை என்ற தலைல கட்டியுடறா. மூணு குஞ்சு செத்ததுக்கு வஞ்சம் தீக்கறா, வேறென்ன? அங்கயே கூடைய வீசியிருப்பேன். பங்காளிக பாத்துட்டு இருந்தானுக, வாங்கிட்டு வந்துட்டேன். கூடைல கொண்டு போனா ஊருக்குள்ள பத்துப் பேரு பாப்பானுக. நாச்சிமுத்து தங்கச்சிகிட்டப் போயிக் கருப்புக்கோழி வாங்கிட்டு வர்றான்னு டீக்கடைல ஓட்டுவானுக. அதுதான் உடுமலை பஸ் ஸ்டாண்டுல ஒரு அட்டைப்பெட்டி வாங்கி உள்ள அமுக்கி, நாலு பக்கமும் ஒட்டிப்போட்டேன். கூடையக் கடைக்காரனுக்கே குடுத்துட்டேன்.

என்னங்க, குனிஞ்சு காதை வெக்கறீங்க? சத்தமில்லையா? தூங்கும். இல்லீன்னாப் போயிருக்கும். தொறக்க வேண்டாங்க, கைய எடுங்க தம்பி. இத்தனை வெசனம் எதுக்கு உங்களுக்கு? உங்க கோழியா? வேணும்னாப் பெட்டியோட நீங்களே எடுத்துக்குங்க. இப்பத்தான் போயிருக்கும், சூடு ஆறறதுக்குள்ள உரிச்சாக் கறி நல்லாத்தான் இருக்கும். வேண்டாங்களா? செரி, கெடக்குட்டும். பஸ் கூட்டறவன் எடுத்துக்குவான்.

எனக்கு இதெல்லாம் வேண்டியதே இல்லைங்க. ஊட்டுல பதினொரு முட்டை அடை வெச்சிருக்குது. இருக்கறதுலயே நல்ல நீலமா ஒரு சேவல், ஒரு பெட்டை, நானே பொறுக்கிச் சேத்தது. வர்ற வெள்ளிக்கெழமை பொரியும். கூட்டுக்குப் பூட்டு இருக்குது, தொறப்புக்குச்சி இங்க இடுப்புல இருக்குது, பாருங்க. ஊர்ச் சேவல் இல்லை. கருப்புச் சேவல் இல்லை. மயிலா இல்லை, அவ கண்ணு இல்லை. அடைக்கூடைய இப்பத் தொடறது ரங்கநாயகி கை மட்டுந்தான்.

அதுலயும் கருப்பு வந்துச்சுன்னா யாருகிட்டக் கேக்கறதுன்னு இந்தத் தடவை எனக்குச் சந்தேகமே இல்லைங்க. பல்லடம் வந்துருச்சு. காலை எடுங்க தம்பி, நான் எறங்கோணும்.